கைவிடப்பட்ட கலங்கரை விளக்கத்தை மீட்பது எப்படி? புதிதாக இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பாழடைந்த கலங்கரை விளக்கத்தைப் பார்த்ததும் பெரும்பாலோருக்கு முதலில் வரும் ஆசை, அந்த விளக்கை மறுபடி எரியவைக்க வேண்டும் என்பதுதான். எனக்கும் அப்படித்தான் வந்தது. நல்ல ஆசை, விட்டுவிடாதீர்கள். ஆனால் வேலையில் இறங்கினால் விளக்கு கடைசியில்தான் வரும். முதலில் காகிதம். அப்புறம் தண்ணீர். அப்புறம் உப்பு, சுண்ணாம்பு, துரு. இவற்றையெல்லாம் கடந்து மேலே போன பிறகுதான் விளக்கறை.

இந்தக் கட்டுரை நம் கிழக்குக் கடற்கரையில் செங்கல்லும் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பிய பழைய கோபுரங்களை மனதில் வைத்து எழுதியது. முழுக்க இரும்புச் சட்டத்தில் நிற்கும் கோபுரங்களுக்குச் சுண்ணாம்புப் பகுதி பொருந்தாது, மற்றவை பொருந்தும். ஊர்க்காரர்கள் நாலு பேர் சேர்ந்து, கூடவே ஒரு கட்டடப் பாதுகாப்புப் பொறியாளரை வைத்துக்கொண்டு செய்யும் வேலை என்று நினைத்துப் படியுங்கள். அந்தப் பொறியாளர் இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம்.

1. கோபுரம் யாருடையது?

கைவிடப்பட்டது என்றால் கேட்பாரற்றது என்று அர்த்தமில்லை. சென்னையையே பாருங்கள். 1796-இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் மேல் தேங்காய் எண்ணெய் விளக்காகத் தொடங்கியது. 1844-இல் கோட்டைக்கு வடக்கே கட்டிய டோரிக் என்ற கிரேக்கப் பாணிக் கல்தூணுக்குப் போனது. 1894-இல் உயர் நீதிமன்றக் கட்டடத்தின் கோபுர உச்சிக்கு ஏறியது. 1977-இல் மெரினாவுக்கு வந்தது. விளக்கு இடம் மாறிய ஒவ்வொரு முறையும் பழைய இடத்துக்கு வேறு வேலையோ வேறு பொறுப்பாளரோ வந்தார்கள். 1844-ஆம் ஆண்டுத் தூண் இன்றும் உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்தான் நிற்கிறது. அதைத் தொட்டுப் பார்க்கவே நீதிமன்றக் காவலைத் தாண்ட வேண்டும்.

எனவே முதல் வேலை கிராம நிர்வாக அலுவலரிடம். புல எண்ணைக் கேட்டு, 'அ' பதிவேட்டில் அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். எரிகிற விளக்குகளும் பழைய கோபுரங்கள் பலவும் மத்திய அரசின் கலங்கரை விளக்கங்கள் தலைமை இயக்குநரகத்தின் கீழ் வரும். சில துறைமுகத்துக்குச் சேர்ந்தவை. சில தொல்லியல் துறையிடம் இருக்கும். சில பொதுப்பணித் துறையின் ஏதோ ஒரு பழைய கோப்புக்குள் மட்டும் இருக்கும். கோடிக்கரை மாதிரி சரணாலயத்தை ஒட்டிய இடம் என்றால் வனத் துறையையும் கேட்டாக வேண்டும்.

சட்டத்தில் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று. ஒன்று, 1927-ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கச் சட்டம் போய், 2021-இல் கடல் வழிகாட்டு உதவிகளுக்கான புதுச் சட்டம் வந்திருக்கிறது. தன் கட்டுப்பாட்டில் உள்ள விளக்குகளைப் 'பாரம்பரியக் கலங்கரை விளக்கம்' என்று மத்திய அரசு அறிவிக்க அதில் இடம் இருக்கிறது. உங்கள் முதல் மனுவிலேயே இதைக் குறிப்பிடுங்கள். இரண்டு, மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால், அதைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே எதையும் கட்டலாம். டிக்கெட் கவுண்டர்கூட இதில் அடங்கும். மூன்று, கரையோரத்தில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக் கூடாது என்று சொல்லும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள். கோபுரத்தைப் பழுதுபார்ப்பது வேறு, பக்கத்தில் தேநீர்க் கடை போடுவது வேறு. இரண்டையும் ஒரே மனுவில் கலந்தீர்கள் என்றால் முதலாவதும் சேர்ந்து நிற்கும்.

அமெரிக்காவில் 2000-இல் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். கடலோரக் காவல் படைக்குத் தேவைப்படாத பழைய விளக்குகளைத் தகுதியுள்ள உள்ளாட்சிகளுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் விலையில்லாமல் ஒப்படைக்கிறார்கள். யாரும் முன்வராவிட்டால் ஏலம். நம் ஊரில் பெரும்பாலும் கட்டடம் அரசின் கையிலேயே இருக்கும், நீங்கள் தோள்கொடுப்பவர்கள். எனவே எழுத்து மூலமான ஒப்பந்தம் ரொம்ப முக்கியம். சாவி யாரிடம் இருக்கும், விபத்து நடந்தால் யார் பொறுப்பு, குப்பைக்குள்ளிருந்து ஒரு பித்தளைத் தகடு கிடைத்தால் அது எங்கே போகும் என்பது வரை எழுதிவிடுங்கள். இந்தக் கட்டம் ஒரு வருடம்கூட இழுக்கலாம். அந்த நேரத்தை மூன்றாவது படிக்குப் பயன்படுத்துங்கள்.

2. முதல் நாள் உச்சிக்கு ஏறாதீர்கள்

கதவு திறந்ததும் எல்லோரும் மேலே ஓடப் பார்ப்பார்கள். தடுத்துவிடுங்கள். முதல் நாள் தரைத்தளம் மட்டும்.

பூட்டிக் கிடந்த கோபுரத்தில் ஆந்தை, வௌவால், புறா எல்லாம் குடியிருக்கும். அவற்றின் எச்சம் காய்ந்து தூளாகி இருக்கும். அதில் வளரும் பூஞ்சை மூச்சுக்குள் போனால் நுரையீரலைக் கெடுக்கும். என்95 முகக்கவசம் இல்லாமல் உள்ளே போகக் கூடாது. காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. தண்ணீர் தெளித்து ஈரமாக்கி அள்ளுங்கள். குஞ்சுகள் இருந்தால் அவை பறக்கும்வரை அந்த மூலையை விட்டுவிடலாம். கூண்டுபோல நீட்டியிருக்கும் மேல்மாடத்தின் அடியில் மலைத்தேனீயோ கடந்தையோ கூடு கட்டியிருக்கிறதா என்று வெளியே நின்று தொலைநோக்கியில் பார்த்துவிடுங்கள். 25 மீட்டர் உயரத்தில் கடந்தை கொட்டினால் ஓட இடம் கிடையாது.

சுருள் படிகளைப் பொறுத்தவரை, சுவரில் ஒரு முனை மட்டும் செருகி மறுமுனை அந்தரத்தில் நிற்கும் கல்படிகளை அதிகம் நம்பாதீர்கள். ஒவ்வொரு படியையும் மரச் சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். கணீரென்றால் சரி. மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல் இருக்கலாம், சாக்பீஸால் குறி போட்டுவிட்டுப் பொறியாளர் வரும்வரை காத்திருங்கள். ஏறும்போது சுவரை ஒட்டிக் கால் வையுங்கள், ஒருவர் இறங்கிய பிறகே அடுத்தவர். எப்போதும் ஒருவர் வெளியே நிற்க வேண்டும். மேல்மாடத்தின் இரும்புக் கைப்பிடியில் எந்தக் காரணத்துக்காகவும் சாயக் கூடாது. பார்க்கத் திடமாக இருக்கும், ஆனால் கல்லுக்குள் புதைந்த பகுதி முழுக்கத் துருவாகிப் போயிருக்கும்.

3. எதையும் தொடும் முன் எழுதி வையுங்கள்

எல்லாச் சன்னலையும், எல்லா விரிசலையும், ஒரே வரிசையில் படம் எடுங்கள். திசையையும் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். லேசர் ஸ்கேன் செய்ய வசதி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் தூக்குக்குண்டும் அளவு நாடாவும் போதும். கோபுரம் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை உச்சியிலிருந்து தொங்கவிட்ட தூக்குக்குண்டே காட்டிவிடும்.

விரிசலில் ஒரு முக்கியமான கேள்வி இருக்கிறது: இது பழைய விரிசலா, இன்னும் வளர்கிறதா? விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, இரு முனைகளையும் ஒட்டி, தேதி எழுதிவிடுங்கள். சில மாதம் கழித்துக் கண்ணாடி உடைந்திருந்தால் சுவர் அசைகிறது என்று அர்த்தம், அடித்தளத்தைப் பார்க்க வேண்டும். உடையாவிட்டால் சாந்து வைத்து மூடலாம். ஒரு மழைக்காலமும் ஒரு கோடைக்காலமும் கடந்த பிறகே முடிவு சொல்லுங்கள்.

அதே நேரத்தில் ஆவணங்களைத் தேடுங்கள். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய பொதுப்பணித் துறைக் கோப்புகள் கிடைக்கும். மாலுமிகளுக்காக அச்சிட்ட விளக்குப் பட்டியல்களில் கோபுரத்தின் நிறம், விளக்கின் உயரம், எத்தனை விநாடிக்கு ஒருமுறை ஒளி வரும் என்பதெல்லாம் ஆண்டுவாரியாக இருக்கும். வெளிச்சுவரில் பட்டை அடித்திருந்தது கறுப்பா சிவப்பா என்ற சண்டையைத் தீர்க்க இதைவிட நல்ல சாட்சி இல்லை. ஊரில் முன்பு விளக்குக் காவலராக இருந்தவரின் குடும்பம் இருந்தால் போய் உட்கார்ந்து பேசுங்கள். கடலுக்குப் போகிறவர்களிடமும் கேளுங்கள். கரையில் தெரியும் உயரமான அடையாளங்களை வைத்துத்தான் கடலில் தங்கள் இடத்தைக் கணிக்கிறார்கள். விளக்கு அணைந்த பின்னும் அந்தக் கோபுரம் பகலில் அவர்களுக்கு வேலை செய்துகொண்டுதான் இருக்கும். சாரம் கட்டி மூடப்போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

4. தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

புதிதாக வருகிறவர்கள் கடல் அலையைத்தான் எதிரி என்று நினைக்கிறார்கள். பெரும்பாலான கோபுரங்களை அலை தொடுவதே இல்லை. உச்சியிலிருந்து இறங்கும் மழைநீரும் உள்ளேயே தங்கும் ஈரக்காற்றும்தான் அவற்றைத் தின்கின்றன.

மேலிருந்து கீழே தேடுங்கள். விளக்கறையின் கண்ணாடிகளைச் சட்டத்தோடு ஒட்டியிருக்கும் மக்கு காய்ந்து உதிர்ந்திருக்கும். மேல்மாடத் தளம் வெளிப்பக்கம் சரிவாக இருக்க வேண்டும். பல இடங்களில் அது உள்வாங்கி, மழைநீர் சுவரை நோக்கி ஓடும். தண்ணீர் வெளியேறும் துவாரங்களைப் பறவைக் கூடு அடைத்திருக்கும். இந்த மூன்றையும் சரிசெய்தாலே கோபுரம் மூச்சு விடத் தொடங்கும். கையில் காசு குறைவாக இருந்தால் இதை மட்டும் செய்யுங்கள், மற்றவை அடுத்த வருடம் ஆகட்டும்.

இனி காற்று. பழைய விளக்கறையின் கூரை உச்சியில், கோயில் கலசம் மாதிரி ஓர் உருண்டை இருக்கும். அழகுக்காக வைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். எண்ணெய் விளக்கின் புகையும் சூடும் வெளியேற வைத்த வழி அது. கீழே கதவு வழியாகக் காற்று நுழையும், கோபுரமே ஒரு புகைபோக்கிபோல வேலை செய்யும், ஈரம் அதோடு மேலே போய்விடும். விளக்குகள் தானியங்கியாக மாறி, காவலர்கள் போன பிறகு, திருட்டுக்குப் பயந்து சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்துவிடுவது பல நாடுகளில் நடந்திருக்கிறது. அன்றே உள்ளே ஈரம் தங்க ஆரம்பித்துவிடும். அடைத்த சன்னல்களைத் திறந்து, பறவை நுழையாத வலையும் மழை விழாத சாய்ந்த பலகைகளும் வைத்தால் சில மாதங்களிலேயே உள்சுவரில் வித்தியாசம் தெரியும்.

இந்தக் கட்டம் முடியாமல் சுவரில் கை வைக்கக் கூடாது. ஒழுகுகிற கோபுரத்துக்குப் பூச்சு போடுவது பணத்தைக் கடலில் போடுவதுதான்.

5. உப்பும் சுண்ணாம்பும்

நான் இதுவரை பார்த்த தவறுகளில் மோசமானது எது என்று கேட்டால், சிமெண்ட் என்பேன். ஒரு பழைய கோபுரத்தின் சுவர் பார்க்க வழவழவென்று புதிதாக இருந்தது. விரல் முட்டியால் தட்டியபோது பானை மாதிரிச் சத்தம் வந்தது. ஓரத்தில் ஒரு துண்டு சிமெண்ட் பூச்சைப் பெயர்த்தால், பின்னால் இருந்த செங்கல் கோதுமை மாவு மாதிரி உதிர்ந்தது. நல்ல மனதோடுதான் யாரோ பூசியிருக்கிறார்கள். அந்த நல்ல மனம்தான் சுவரைத் தின்றுவிட்டது.

காரணம் எளிது. பழைய செங்கலும் சுண்ணாம்புச் சாந்தும் ஈரத்தை வாங்கி, வெயிலில் திரும்பக் கொடுக்கும். கடற்காற்றின் உப்பு அந்த ஈரத்தோடு சேர்ந்து சுவரின் வெளிமுகத்துக்கு வந்து வெள்ளையாகப் பூக்கும். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் அது வெளியேறுகிற உப்பு. மேலே சிமெண்ட் பூசிவிட்டால் ஈரம் வெளியேற முடியாது. மயிரிழை விரிசல்கள் வழியாக மழைநீர் மட்டும் உள்ளே போய்க்கொண்டிருக்கும். உப்பு பூச்சுக்குப் பின்னாலேயே, செங்கல்லின் துளைகளுக்குள் படிகமாகி விரிந்து, செங்கல்லை உள்ளிருந்து பிளக்கும். பிளாஸ்டிக் பெயிண்டும் இதையேதான் செய்கிறது, கொஞ்சம் மெதுவாக.

ஆகவே சிமெண்ட் பூச்சை எடுக்க வேண்டும். சிறு உளி, சிறு சுத்தியல், பொறுமை. மின்சார உடைப்பான் வேண்டாம், அதன் அதிர்வு நல்ல சாந்தையும் கழற்றிவிடும். ஓர் இடத்தில் சிமெண்ட்டோடு செங்கல்லின் முகமும் பிய்ந்து வந்தால் அங்கே நிறுத்திவிடுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டை அப்படியே விட்டுவிடுவது சில நேரம் நல்லது. மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்யவே கூடாது. செங்கல்லுக்குச் சூளையில் கிடைத்த கெட்டியான மேல்தோல் போய்விடும், அதற்குப் பிறகு அது பஞ்சுதான்.

பூத்திருக்கும் உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், கரைந்து திரும்ப உள்ளே போகும். உலர்ந்த மென்மையான பிரஷால் தட்டி, கீழே தாளில் பிடித்து, அப்புறப்படுத்துங்கள். உப்பு அதிகம் உள்ள இடங்களில் காகிதக் கூழையும் களிமண்ணையும் காய்ச்சி வடித்த நீரில் குழைத்து ஒத்தடம்போல அப்பிவைப்பார்கள். அது காயும்போது சுவரின் உப்பை இழுத்துக்கொள்ளும். பெயர்த்து எறிந்துவிட்டு மறுபடி அப்ப வேண்டும். மூன்று நான்கு முறை ஆகலாம்.

அடுத்து, பழைய சாந்து எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். மழை படாத ஆழமான இணைப்பிலிருந்து கைப்பிடி அளவு எடுங்கள். முதலில் பூதக்கண்ணாடியால் பாருங்கள், சரியாக வேகாத கிளிஞ்சல் துண்டுகள் கண்ணில் பட்டால் அது கிளிஞ்சல் சுண்ணாம்பு. இளஞ்சிவப்பாக இருந்தால் செங்கல் தூள், அதாவது சுர்க்கி, கலந்திருக்கிறார்கள். பிறகு ஆய்வகத்தில் நீர்த்த அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு கரைந்து மணல் மிஞ்சும். அந்த மணலின் நிறமும் பருமனும் எடையும் உங்களுக்குக் கலவை விகிதத்தைச் சொல்லும். இணையத்தில் பார்த்த விகிதத்தைக் கொண்டுவந்து எல்லாச் சுவருக்கும் பூசாதீர்கள். புதுச் சாந்து எப்போதும் பழைய செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். பின்னாளில் ஏதாவது உதிர வேண்டும் என்றால் சாந்து உதிரட்டும், அதை மாற்றிவிடலாம்.

சுண்ணாம்பு நீற்றும்போது கண்ணாடி அணியாமல் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. தொட்டியில் முதலில் தண்ணீர், அதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சூளையில் சுட்ட சுண்ணாம்பு. மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். நீற்றிய சுண்ணாம்பைக் குறைந்தது சில வாரமாவது தண்ணீருக்கடியில் ஊற விடுங்கள். எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவு வெண்ணெய் மாதிரி வரும். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். ஆற்று மணலானாலும் நல்ல தண்ணீரில் அலசுங்கள், கலக்கும் தண்ணீரும் உப்பில்லாததாக இருக்க வேண்டும். லாரித் தண்ணீர் வாங்க வேண்டியிருந்தால் அந்தச் செலவை ஆரம்பத்திலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரைச் சாந்தில் சேர்ப்பது நம் ஊர்க் கொத்தனார்களின் பழைய வழக்கம். வேலை செய்யும். ஆனால் அளவு தெரிந்த மூத்த கொத்தனார் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். காரைக்குடிப் பக்கமும் தஞ்சைப் பக்கமும் சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை அழைத்துவந்து, உங்கள் ஊர் இளைஞர்கள் இரண்டு பேரையாவது கூடவே நிறுத்துங்கள். பத்து வருடம் கழித்து மறுபடி பூச வேண்டியிருக்கும்போது அவர்கள்தான் வருவார்கள்.

மெல்லிய பூச்சாக, ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகாமல், ஒன்று இறுகிய பின் இன்னொன்று. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெதுவாக இழுத்துத்தான் கெட்டியாகும். அவசரமாகக் காய்ந்தால் பொடியாகிவிடும். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு நிழல் கொடுங்கள். நம் கடற்கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பூச்சு வேலையை நினைக்கவே வேண்டாம், வடகிழக்குப் பருவமழை கரைத்துவிடும். சித்திரை வெயிலும் கெடுதல். தை பிறந்தது முதல் மாசி முடியும்வரை நல்ல காலம். உங்கள் அனுமதிக் காகிதம் பங்குனியில் கைக்கு வந்தால், ஆசையை அடக்கி அடுத்த தைக்குக் காத்திருங்கள்.

உப்பு ஊறிப்போன உள்சுவருக்கு முதல் வருடம் தளர்வான, மென்மையான சுண்ணாம்புப் பூச்சு ஒன்றைப் போடலாம். அது உப்பை வாங்கிக்கொண்டு உதிரும். உதிர்வதைப் பார்த்து ஊரில் நாலு பேர் கேலி செய்வார்கள். அதன் வேலையே அதுதான் என்று முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்.

6. இரும்பு

துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். மேல்மாடத்தைத் தாங்கும் இரும்புக் கைகள் கல்லுக்குள் புதைந்த இடத்தில் துருவேறினால், அந்தக் கல்லையே பிளந்துவிடும். கல்லில் விரிசல் கண்டால் முதலில் உள்ளே இரும்பு இருக்கிறதா என்று தேடுங்கள்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலரச் சுரண்டக் கூடாது, நெருப்புக் காட்டக் கூடாது. நனைத்துச் சுரண்டி, கீழே தார்ப்பாய் விரித்து, உதிர்ந்ததையெல்லாம் சேகரியுங்கள். கோபுரத்தடியில் ஆடு மேயும், குழந்தைகள் விளையாடும் என்பது நினைவில் இருக்கட்டும். வேலை செய்த உடுப்போடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கக் கூடாது. துரு எடுத்த இரும்பை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, அன்றே துத்தநாகம் கலந்த முதற்பூச்சு அடித்துவிட வேண்டும். கடற்காற்றில் ஒரு ராத்திரி விட்டால் காலையில் மறுபடி செம்மண் நிறம்தான். பழைய வார்ப்பிரும்பில் நேரடியாகத் துருப்பிடிக்காத எஃகு ஆணியைப் பூட்டாதீர்கள். இரண்டு உலோகமும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் பழைய இரும்பு வேகமாக அரிக்கும். நடுவில் ரப்பரோ நைலானோ வளையம் வைக்க வேண்டும்.

இடிதாங்கியைப் பாருங்கள். செம்புப் பட்டை பெரும்பாலும் திருடு போயிருக்கும். சாரம் கட்டும் முன்பே புதிதாகப் போட்டுவிடுங்கள்.

7. லென்ஸ் இருந்தால் கை வைக்காதீர்கள்

பிரெஞ்சுக்காரர் ஒகுஸ்தேன் ஃபிரெனெல் உருவாக்கிய அடுக்குக் கண்ணாடி லென்ஸ் 1823-இல் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் முதன்முதலாக ஏறியது. பிறகு உலகம் முழுக்கப் பரவியது. இங்கிலாந்தின் சான்ஸ் பிரதர்ஸ் போன்ற நிறுவனங்கள் செய்த லென்ஸ்கள் நம் கடற்கரைகளுக்கும் வந்தன. கைவிடப்பட்ட கோபுரத்தில் அது மிஞ்சியிருந்தால் உங்கள் ஊரின் மிகப் பெரிய புதையல் அதுதான்.

பெரிய சுழல் லென்ஸ்கள் சிலவற்றைப் பாதரசத் தொட்டியில் மிதக்கவிட்டிருந்தார்கள், டன் கணக்கான எடையை ஒரு விரலால் சுழற்ற முடியும் என்பதற்காக. அந்தப் பாதரசம் இன்னும் தொட்டியில் இருக்கலாம், பலகை இடுக்குகளில் சிதறியும் இருக்கலாம். அதன் ஆவிக்கு வாசனை கிடையாது, நரம்பைக் கெடுக்கும். வெள்ளி உருண்டைகள் எங்கேனும் கண்ணில் பட்டால் சன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் கீழே இறங்குங்கள். பெருக்கக் கூடாது, வேக்குவம் கிளீனர் வைக்கவே கூடாது, அது ஆவியை அறை முழுக்கப் பரப்பும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதி, பயிற்சி பெற்றவர்களை வரவழைப்பதுதான் வழி.

பாதரசம் இல்லை என்று உறுதியான பிறகும் மோதிரம், வளையல், கைக்கடிகாரம், பெல்ட் பக்கிள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு லென்ஸ் அருகே போங்கள். அக்காலக் காவலர்கள் லென்ஸ் துடைக்கும்போது சட்டைப் பொத்தான் உரசாமலிருக்கத் துணி ஏப்ரன் கட்டிக்கொள்வார்கள். கண்ணாடித் துண்டுகளைப் பித்தளைச் சட்டத்தில் பிடித்திருப்பது பழைய ஈயமக்கு. அது காய்ந்திருந்தால் லேசாக அழுத்தினாலும் துண்டு கழன்று விழும். மென்மையான தூரிகையால் தூசி தட்டுவதோடு நிறுத்துங்கள். கடையில் விற்கும் நீல நிறக் கண்ணாடித் திரவம் வேண்டாம். பகலில் லென்ஸைச் சுற்றித் திரை கட்டுங்கள். விளக்கின் ஒளியை வெளியே அனுப்புகிற அதே லென்ஸ் சூரியனை உள்ளே குவித்துத் தீயும் வைக்கும். காவலர்கள் காலையில் விளக்கை அணைத்ததும் திரை போட்டது இதற்காகத்தான்.

8. கடல் நெருங்கினால்

கரை அரிக்கும் இடத்தில் கோபுரம் இருந்தால் மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன் ஒரு கேள்வி: இன்னும் எத்தனை வருடம் நிலம் இருக்கும்?

டென்மார்க்கின் ரூபியர் குனூட் கலங்கரை விளக்கம் 1900-இல் எரியத் தொடங்கியபோது கடல் சுமார் 200 மீட்டர் தள்ளி இருந்தது. மணல்மேடு வளர்ந்து ஒளியை மறைக்க, 1968-இல் விளக்கை அணைத்தார்கள். கடல் விளிம்பு வரை வந்த பிறகு, 2019 அக்டோபரில், அந்த 23 மீட்டர் கோபுரத்தை அப்படியே தண்டவாளத்தில் ஏற்றி 70 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள். அமெரிக்காவின் கேப் ஹட்டராஸ் இன்னும் பெரியது. 1936-இல் கடலுக்குப் பயந்து அதைக் கைவிட்டு, விளக்கை ஓர் இரும்புக் கோபுரத்துக்கு மாற்றினார்கள், 1950-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். கடைசியில் 1999-இல் 23 நாளில் சுமார் 880 மீட்டர் நகர்த்தினார்கள். அந்த அளவு பணமும் பொறியியலும் எல்லோருக்கும் வாய்க்காது. நம் கோடிக்கரையில் சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய செங்கல் கலங்கரை விளக்கத்தின் மிச்சம், கடலோரத்தில் பாழடைந்தே நின்று, 2004 சுனாமியில் விழுந்துவிட்டது.

பழைய நில அளவை வரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கரை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஆபத்து உறுதி என்றால், பூச்சு வேலைக்கான பணத்தை முழுமையான அளவீட்டுக்கும் படங்களுக்கும் மாற்றிவிடுங்கள். விழப்போகும் கோபுரத்துக்கு வெள்ளையடிப்பதைவிட, அதன் ஒவ்வொரு கல்லையும் பதிவு செய்து வைப்பது மேல். இதைச் சொல்வது எனக்கு எளிதாக இல்லை. ஆனால் கோடிக்கரைக் கோபுரத்தைப் பார்க்காத குழந்தைகளுக்கு இன்று காட்டுவதற்கு எவ்வளவு குறைவாக இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

9. இப்போது விளக்கு

கலம் என்றால் கப்பல், கரைதல் என்றால் அழைத்தல். அழைக்கிற விளக்கு. அதனாலேயே நினைத்தபடி அதை ஏற்றிவிடக் கூடாது. கடல் வரைபடத்தில் அணைந்துவிட்டதாகக் குறிக்கப்பட்ட இடத்தில் திடீரென்று ஒளி தெரிந்தால் மாலுமி குழம்புவார். கடலை நோக்கி எந்த ஒளியைப் போடுவதற்கும், வெளிச்சுவரின் பட்டை நிறத்தை மாற்றுவதற்கும்கூட, கலங்கரை விளக்க இயக்குநரகத்தின் ஒப்புதல் வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால், நிலத்தை நோக்கி மட்டும் தெரியும் மங்கலான ஒளி போதும்.

இன்னொன்று. பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் நம் கடற்கரையில் ஜனவரி முதல் முட்டையிட வரும், குஞ்சுகள் கோடை தொடங்கும்போது வெளிவரும். கரையில் வெளிச்சம் இருந்தால் குஞ்சுகள் கடலை விட்டு நிலத்தின் பக்கம் ஊரும். அந்த மாதங்களில் கோபுரத்தின் அலங்கார விளக்குகளை அணைத்துவிடுங்கள்.

10. பணமும் பராமரிப்பும்

மொத்தப் பணமும் சேரும்வரை காத்திருக்காதீர்கள். முதல் கட்டம் ஒழுகல், இரண்டாம் கட்டம் இரும்பும் இடிதாங்கியும், மூன்றாம் கட்டம் சுவர் என்று பிரித்துக் கேளுங்கள். கம்பெனிகள் சட்டம் 2013-இன் கீழ் நிறுவனங்கள் செலவிட வேண்டிய சமூகப் பொறுப்பு நிதியில் பாரம்பரியக் கட்டடங்களை மீட்பதும் அடங்கும். 1996-இல் தொடங்கிய தேசியப் பண்பாட்டு நிதியும் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் தரும் பணத்துக்குச் சட்ட விதிகள் உண்டு. முதலில் ஒரு பட்டயக் கணக்காளரைப் பார்த்துவிடுங்கள்.

2024 பிப்ரவரியில் நாடு முழுக்க 75 கலங்கரை விளக்கங்களில் சுற்றுலா வசதிகளை அரசு தொடங்கிவைத்தது. சுற்றுலா வந்தால் பராமரிப்புக்கு வழி பிறக்கும், ஆனால் பழைய படிகளின் சுமைக்கு ஓர் எல்லை உண்டு. ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஏறலாம் என்பதைப் பொறியாளரிடம் எழுதி வாங்கி, வாசலிலேயே பலகையில் போடுங்கள். திருவிழா நாளிலும் அதை மீறாதீர்கள்.

சேர்த்த பணத்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைப்பு நிதியில் போட்டு, அதன் வட்டியில் பராமரிப்பை நடத்துங்கள். மாதம் ஒருமுறை இருவர் ஏறி, ஒரு நோட்டில் எழுத வேண்டும்: கண்ணாடி, மக்கு, தண்ணீர்த் துவாரம், வலை, விரிசல் குறிகள். புரட்டாசியில், மழைக்கு முன், மேல்மாடத் துவாரங்களைச் சுத்தம் செய்து ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று. புயல் எச்சரிக்கை வந்தால் விளக்கறைக் கதவை யார் பூட்டுவது, மாற்றுச் சாவி ஊரில் யார் வீட்டில் இருக்கிறது என்பதைக் கதவின் உட்புறத்தில் பெரிய எழுத்தில் ஒட்டிவையுங்கள். ஆள் மாறும்போதெல்லாம் அந்தத் தாளையும் மாற்றுங்கள்.